எழுந்திருக்கப் பழகியவன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குப் பகடைப் பித்து பிடித்திருந்தது. விடிந்தால் பலகை, பொழுது சாய்ந்தால் பலகை. எதிரே உட்காருபவர் பொக்கிஷ அதிகாரி நல்லபெருமாள். ராஜா தோற்ற தோட்டம் துரவெல்லாம் அவர் வீட்டுக்குத்தான் போயின. சபையில் அதைக் கிண்டல் செய்த ஒரே ஆள் விகடன் தாண்டவன். அதிகாரி பொறுப்பாரா?

"மகாராஜா, என் வெற்றி பயிற்சியால் வந்தது. வாய் கிழியப் பேசும் தாண்டவனும் பயின்று பார்க்கட்டுமே" என்றார்.

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. "தாண்டவா, நாற்பது நாள் தருகிறோம். நல்லபெருமாளுக்கு எதிரே இருபது முத்தோடு உட்கார். உருட்டுக்கு ஒரு முத்து பந்தயம். ஒரு முத்தாவது கூடுதலாகக் கையில் இருக்க, பலகையை விட்டு எழவேண்டும். தவறினால் நாட்டை விட்டே போ!"

தாண்டவன் நிறைமாத மனைவி அலமேலுவை அழைத்துக்கொண்டு எங்கே போவான், பாவம்!

வீட்டில் அவளோடு ஆடிப் பழகினான். ஒரு முத்து கூடியதும் எழவேண்டும், அவ்வளவுதான் பாடம். முதல் வாரம் அது அவனால் முடியவே இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கை தானாகப் பகடையை எடுத்தது.

"எழுந்திருக்கப் போறீங்களா, இல்ல நான் மூட்டை கட்டட்டுமா?" என்று அலமேலு அதட்டுவாள். உட்காருவான், எழுவான், மறுபடி உட்காருவான்.

எட்டிப் பார்த்த அதிகாரியின் ஆட்கள், "பகடை பழகச் சொன்னா தோப்புக்கரணம் போடுறான்யா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாற்பதாம் நாள் சபை கூடியது. முதல் மூன்று உருட்டும் தாண்டவனுக்குத் தோல்வி. பிறகு நான்கு உருட்டு தொடர்ந்து அவன் பக்கம் விழுந்தது. கையில் இருபத்தொரு முத்து. எழுந்துவிட்டான்.

"கோழையே, உட்கார்! இனி உருட்டுக்குப் பத்து முத்து தருகிறேன்!" என்று அதிகாரி பலகையை அறைந்தார்.

தாண்டவனின் விரல் துடித்தது. முழங்கால் மடங்கப் பார்த்தது. ஆனாலும் நின்றான்.

"மகாராஜா, பகடை யார் சொல்லையும் கேட்காது. என் கால் கேட்கும். அதைத்தான் அடியேன் பழக்கினேன். தங்கள் கட்டளையும் எழவேண்டும் என்பதுதானே?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஜெயித்தாய்! என்ன பரிசு வேண்டும்?"

"இன்று ஒரு நாள் தாங்கள் ஆடாதிருந்தால் போதும்."

ராஜாவின் கை அதற்குள் பகடையை எடுத்துவிட்டிருந்தது. அந்தக் கையை அவரே வெட்கத்தோடு பார்த்தார். கழுத்து மாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார்.

"இதைக் கொடுப்பது எமக்குச் சுலபம். நீ கேட்டதைக் கொடுக்க இன்னும் தெம்பில்லை, தாண்டவா. நாளைக் காலையில் வந்து எமக்கும் எழுந்திருக்கப் பழக்கு" என்று மறுபடி சிரித்தார்.

அதிகாரிக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.