ஓடும் நீரில் ஒரு கல்லும் வைக்காத பாலம்

அரசர்கள் நினைத்ததெல்லாம் ஆணையாகிவிட்ட அந்தக் காலத்தில், நடுவே ஆறு ஓடும் நகரம் ஒன்று இருந்தது. வெள்ளம் வந்தால் பரிசல் நின்றுவிடும். தென்கரைத் தயிர்க்காரிகள் வடகரைச் சந்தைக்குப் போக முடியாது; தயிர் பானையிலேயே புளித்துப் போகும். அவையின் விகடகவி வெண்காடர் அரசரிடம் சொல்லிச் சொல்லி, கல் பாலம் கட்ட இசைவு வாங்கிவிட்டார்.

அமைச்சர் சங்கரபாகருக்கு அது பொறுக்கவில்லை. “அரசே, ஆறு நமக்குத் தாய். ஓடும் நீரில் கல்லை நடுவது தாயின் மேனியில் ஆணி அடிப்பதாகும்” என்றார்.

அரசர் உருகிவிட்டார். “வெண்காடரே, ஓடும் நீரில் ஒரு கல்லும் வைக்காமல் பாலம் கட்டும். வைத்தால் உமக்கு இந்த நாட்டில் இடமில்லை.”

“உத்தரவு, அரசே.”

கல்தச்சர் உமையாண்டி தலையில் கைவைத்தார். “ஐயா, ஆத்தோட அகலம் ஐந்நூறு முழம். ஒத்தை வளைவு அம்புட்டு தூரம் தாண்டாது. நடுவுல தூண் நிக்கணுமே.”

“நிக்கட்டும். பங்குனி வரைக்கும் பொறும்.”

பங்குனியில் ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடந்தது. பாறை தட்டும்வரை மணலைத் தோண்டி, ஒன்பது தூண்களை எழுப்பினார்கள். வெள்ளம் வரும் பக்கத்தைப் படகின் மூக்குப்போலக் கூராக்கினார் உமையாண்டி. சங்கரபாகர் தடுக்கவில்லை. தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்தார்.

ஆடியில் வந்தது. ஊரே கரையில் திரண்டது. அரசரும் வந்து நின்றார். நுரைத்து வந்த வெள்ளம் கூர்முனைகளில் மோதி, இரண்டாகப் பிரிந்து, வழிவிட்டுப் போனது. ஒரு கல்லும் அசையவில்லை.

“பாருங்கள் அரசே, ஒன்பது தூண்களும் ஓடும் நீரில் நிற்கின்றன” என்றார் சங்கரபாகர்.

அரசரின் முகம் இறுகியது. “என்ன சொல்கிறீர், வெண்காடரே?”

“அரசே, நாங்கள் மணலில்தான் கல் வைத்தோம். அன்றைக்கு இங்கே ஒரு குடம் நீர்கூட இல்லை. கல் நீரைத் தேடிப் போகவில்லை. நீர்தான் கல்லைத் தேடி வந்திருக்கிறது. அது குற்றமென்றால், அமைச்சர் இறங்கிப்போய்த் தாயையே விசாரிக்கட்டும்.”

“விசாரிங்க சாமி, அப்படியே எங்க தயிருக்கும் ஒரு ஞாயம் கேளுங்க” என்றாள் கூட்டத்தில் ஒரு தயிர்க்காரி.

அரசர் ஆற்றைப் பார்த்தார். அமைச்சரைப் பார்த்தார். அடக்கமாட்டாமல் சிரித்தார், கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். “தூண்களின்மேல் வளைவுகளை ஏற்றுங்கள்” என்று சொல்லி, தம் வலக்கைக் கங்கணத்தைக் கழற்றி வெண்காடருக்கு அணிவித்தார்.

வெண்காடர் அதை அப்படியே உமையாண்டியின் கையில் மாட்டிவிட்டு, தம் வெறுங்கையை மறுபடி அரசரிடம் நீட்டினார். அரசர் இன்னும் பலமாகச் சிரித்துக்கொண்டே இடக்கைக் கங்கணத்தையும் கழற்றினார்.