வெளித்தாழ்ப்பாள்

இருட்டியதும் நகராட்சிப் பெண்கள் விடுதிக் கதவில் 'கர்க், கர்க்' என்று ஒரு சத்தம்! எவனோ குடிகாரன். உள்ளே பெண்கள் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான், யாரும் திறக்கலாம்.

மறுநாள் விடுதியில் தங்கியிருந்த கைக்குழந்தைக்காரி ஞானசௌந்தரி, ஆய்வுக்கு வந்த நகராட்சி ஆணையரிடம், "உள்ளேயும் ஒண்ணு வையுங்க சார்," என்றாள்.

"உள்ளே சாத்திக்கிட்டா நாங்க எப்படிம்மா ஆய்வு பண்றது? காலங்காலமா இதான் விதி. என்ன பயம்? இன்னைக்கு நானே தங்கிக் காட்டறேன்!"

அன்று இரவு அவருக்கு இடம்விட்டு, பெண்கள் வெளியே தனியாக இருந்த சமையலறைக்கு மாறினார்கள். விளக்கணைந்ததும் ஞானசௌந்தரி கரண்டியால் விடுதிக் கதவைச் சுரண்டினாள்.

"யாரது? வராதே!" அலறினார் ஆணையர்.

"நான்தான் சார். பயமா இருந்தா தாழ்ப்பாள் போட்டுக்கோங்க."

"இங்கே எங்கேம்மா இருக்கு?"

"அதைத்தானே சார் கேட்டோம்!"

சமையலறையே சிரித்தது. விடிந்ததும் தச்சர் வந்தார். அன்றிரவு ஞானசௌந்தரி, குழந்தையை இடுக்கிக்கொண்டு, உள்ளிருந்து கதவைத் தாழிட்டாள்.