யாருடைய வண்டு?

குன்றையூரை ஆண்ட விசயதுரங்க மகாராஜாவுக்கு எதிரி என்றால் பயமில்லை, புலி என்றால் பயமில்லை. மகாராணியிடம் மட்டும்தான் பயம். அதனால்தான் மகாராணியின் தம்பி கந்தர்ப்பனுக்கு ஊரின் ஒரே மாவுக்கடை கிடைத்தது. வேறு யாரும் அந்த ஊரில் மாவு விற்கக்கூடாது. கடையைப் பற்றி வீண்பழி சொன்னால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுவார்கள். அக்காள் இருக்கிறவனுக்கு என்ன குறை!

ஒருநாள் காலை அரசவை விதூஷகன் வாஞ்சியப்பன் பசியோடு கோயில் வாசலுக்கு வந்தான். அங்கே இடியாப்பம் விற்கும் செங்கமலத்தைக் காணவில்லை. அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. விசாரித்தால், அவளைக் காவலர்கள் அரண்மனைக்கு இழுத்துப் போனார்களாம். வாஞ்சியப்பனுக்கு வயிறு எரிந்தது. பாதி அவளுக்காக, பாதி இடியாப்பத்துக்காக. ஓட்டமும் நடையுமாக அரண்மனைக்குப் போனான்.

சபையில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். முழங்கால்வரை தொங்கும் கூந்தலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி செங்கமலம் அழுதுகொண்டிருந்தாள்.

"ராசா, விடியக்காலைலதான் ஒரு வீசை மாவு வாங்குனேன். வீட்டுல போயி பையைப் பிரிச்சா மாவு தானா நடக்குது! அம்புட்டும் வண்டு. அப்படியே திருப்பிக் கொண்டாந்தேன். அதுக்கு எம்முடியை எடுக்கச் சொல்றாரு இந்தப் புண்ணியவான்!"

கந்தர்ப்பன் காதுக் கடுக்கனைத் திருகிக்கொண்டே சிரித்தான். "மாமா, என் கடையில் வண்டா? நான் கொடுத்தது சுத்தமான மாவு. வண்டெல்லாம் இவள் வீட்டு வண்டு. பையைப் பிரித்ததும் உள்ளே புகுந்துவிட்டன."

மகாராஜா நெளிந்தார். திரைக்குப் பின்னால் மகாராணியின் வளையல் சத்தம் கேட்டது. "சாட்சி இல்லையே அம்மா. நான் என்ன செய்ய? நாவிதரே..."

"கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா" என்று நடுவே புகுந்தான் வாஞ்சியப்பன். "வண்டு இவளுடையதுதான் என்று எனக்கும் படுகிறது. ஆனால் இவள் மாவையும் திருடியிருப்பாள் போலிருக்கிறதே. பாதியை எடுத்து ஒளித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்திருந்தால்?"

செங்கமலம் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். எத்தனை நாள் தேங்காய்ப்பால் தாராளமாக ஊற்றியிருப்பாள்!

கந்தர்ப்பனுக்கோ ரோஷம் வந்துவிட்டது. "என்னை என்ன ஏமாளி என்று நினைத்தாயா? திரும்பி வரும் பொருளை எடை போடாமல் நான் பேச்சே கொடுக்க மாட்டேன். இவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பையைத் தராசில் வைத்துவிட்டேன். சரியாக ஒரு வீசை! குறையவும் இல்லை, கூடவும் இல்லை. சபையிலேயே வேண்டுமானாலும் நிறுத்துப் பாருங்கள்!"

நிறுத்தார்கள். முள் நட்டநடுவில் நின்றது.

"அடடா, என்ன துல்லியம்!" என்று கைதட்டினான் வாஞ்சியப்பன். "சரி, இவள் வீட்டு வண்டு நமக்கு எதற்கு? சலித்து இவளிடமே கொடுத்துவிடுவோம். மாவை மட்டும் மறுபடி நிறுப்போம்."

சல்லடை வந்தது. வண்டு ஒரு பக்கம் குவிந்தது. இரண்டு கைப்பிடி தேறும். ஒன்றிரண்டு மந்திரியின் நாற்காலிப் பக்கம் நடைபோட்டன. மாவைத் தட்டில் வைத்தபோது தட்டு மேலே எழும்பியது. ஒரு வீசைக்கு மாவு குறைந்தது.

"ஐயையோ, மகாராஜாவின் மைத்துனரே!" என்று பதறினான் வாஞ்சியப்பன். "கடையிலிருந்து போனது மாவு மட்டும்தான் என்றால் எடை குறைத்தல்லவா கொடுத்திருக்கிறீர்கள்! எடை குறைத்தால் கட்டைவிரலை வெட்டுவது பெரிய மகாராஜா போட்ட சட்டம். அக்காள் தம்பி என்றெல்லாம் அதில் விலக்கு கிடையாது."

கந்தர்ப்பனுக்கு வியர்த்தது. "இல்லை, இல்லை! வண்டு மாவைத் தின்றிருக்கும்! அதனால்தான் குறைகிறது!"

"தின்றது எங்கே போகும்? வண்டின் வயிற்றில்தானே இருக்கும். அப்படியானால் வண்டோடு நிறுத்தபோது ஒரு வீசைக்கு மேலல்லவா நின்றிருக்க வேண்டும்?"

மகாராஜாவுக்குப் புரியவில்லை. தலையைச் சொறிந்தார்.

"மகாராஜா, துலாபாரத் தட்டில் சர்க்கரைப் பொங்கல் குண்டானோடு தாங்கள் ஏறி உட்காருகிறீர்கள். உட்கார்ந்தபடியே குண்டானைக் காலி செய்கிறீர்கள். தட்டு மேலே போகுமா?"

"எப்படிப் போகும்? நான்தான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேனே!"

"அதேதான். தாங்களும் குண்டானும் சேர்ந்தால் வெறும் பொங்கலின் எடைதான் இருக்கும் என்கிறார் உங்கள் மைத்துனர்."

"அட முட்டாளே!" என்று மகாராஜா கந்தர்ப்பனைப் பார்த்துத் துள்ளினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கணக்கு அவருக்குப் புரிந்திருந்தது. "எடுத்து வாருங்கள் கட்டைவிரல் வெட்டும் அரிவாளை!"

கந்தர்ப்பன் தரையில் தொப்பென்று விழுந்தான். கட்டைவிரல் இரண்டையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டான். "மாமா! எடையெல்லாம் சரிதான் மாமா! வண்டோடு சேர்த்துத்தான் நிறுத்தேன்! எல்லாம் என் வண்டுதான்! மூன்று தலைமுறையாக என் கடையிலேயே பிறந்து, என் கடையிலேயே வளர்ந்தவை! இவள் வீட்டுக்கும் அதுகளுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!"

நாவிதர் கத்தியை மடித்தார். செங்கமலம் கூந்தலை உதறி இறுக்கமாக ஒரு கொண்டை போட்டாள். மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். இனி யார் வேண்டுமானாலும் மாவு விற்கலாம் என்றார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தமே இல்லை.

"வாஞ்சியப்பா, உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

"இவளை உடனே வீட்டுக்கு அனுப்புங்கள் மகாராஜா. நல்ல மாவும் கொடுத்து அனுப்புங்கள். காலையிலிருந்து பட்டினி."

"அரண்மனை மாவிலேயே கொடுத்தால் போச்சு!" என்று சொன்ன மகாராஜா, சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "கந்தர்ப்பா, அரண்மனைக்கு மாவு எங்கிருந்து வருகிறது?"

கந்தர்ப்பன் வாசல் பக்கமாக நழுவத் தொடங்கினான்.

மகாராஜா மெல்லத் திரும்பி, சமையற்காரரைக் கூப்பிட்டார். "நேற்று முறுக்கு பிரமாதம் ஐயா. எள்ளை அள்ளிப் போட்டிருந்தீரே..."

சமையற்காரர் கைகட்டி நின்றார். "எள்ளா மகாராஜா? எள் தீர்ந்து ஒரு மாதமாயிற்றே!"