க3

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் இன்னாசி என்று ஒரு உதவியாளர் பன்னிரண்டு வருஷமாகத் தனியாக இருந்தார். அவர் எதிர் நாற்காலிக்கு ஆள் வந்ததில்லை. ஆய்வுத் தரவுகளைப் பாதுகாக்க நூலகர்களுக்குப் பயிற்சி நடந்தபோது, அதை நடத்திய பேராசிரியர் தணிகாசலம் அவரைத்தான் எழுப்பி நிறுத்தினார்.

“புத்தகம் அடுக்குற உமக்கு இதெல்லாம் எதுக்குய்யா? இது என் பழைய ஆய்வு அட்டவணை. மூணாவது பத்தி என்னன்னு சொல்லும். தெரியலைன்னா வெளியே போம்.”

திரையில் தெரிந்த அந்த நெடுக்குப் பத்தியின் தலையில் ‘க3’ என்று மட்டும் இருந்தது. கீழே வெறும் எண்கள்.

“மழை அளவுங்க ஐயா.”

“மழையா? அது வந்து...” பேராசிரியர் திரையையே பார்த்தார். க3 என்னவென்று அவருக்கே நினைவில்லை.

“நான் சும்மா குத்துமதிப்பாச் சொன்னேங்க. அன்னைக்கே ஒரு பக்கம் குறிப்பு எழுதி வச்சிருந்தா, இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்குமுங்க,” என்றார் இன்னாசி.

மறுநாள் பேராசிரியர் பழைய நோட்டுகளோடு கீழ்த்தளத்துக்கு வந்தார்.

“உட்காருங்க ஐயா. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்.”

எதிர் நாற்காலியில் தூசி இல்லை. இன்னாசி அதைத் தினமும் துடைத்துத்தான் வைத்திருந்தார்.