மைனா வக்கீலும் காணாமல் போன முட்டைகளும்

தாமரைக் குளத்து நீர்ப்பறவையான நாமக்கோழி போட்ட கூச்சலில் காடே விழித்துக்கொண்டது. கூட்டிலிருந்த முட்டைகள் அத்தனையும் காணோம்!

"இது நீர்நாய் செஞ்ச வேலைதான்!" என்றது நரி. நாமக்கோழிக்கு வக்கீலாகவும் அதுவே வந்து சேர்ந்தது.

குற்றம் உறுதியானால் நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு குளத்தை விட்டே போய்விட வேண்டும். அதுவோ கடும் கோடை. சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீரே கிடையாது. பாவம், நீர்நாய் பதறிப்போய் மைனாவிடம் ஓடியது. பேச்சில் மைனாவை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. மைனாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

"வக்கீலய்யா, முட்டையை நான் தொடவே இல்லை. ஆனா நேத்து விடியக்காலையில அந்தக் கூட்டுக்கிட்ட போனேன். என் சின்னக்குட்டி வழிதவறி அங்கே போயிருச்சு. கவ்வித் தூக்கிட்டு வந்தேன்."

"ஐயையோ! அதை மூச்சு விடாதீங்க! நான் பேசுற பேச்சுல அப்படி ஒரு சந்தேகமே யாருக்கும் வராது, பாருங்க!" என்றது மைனா.

அன்று முழுக்கக் கிளையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தது. தன் குரலில் தானே மயங்கியது.

மறுநாள் மருதமரத்தடியில் விசாரணை. நீதிபதி காட்டெருமை. வாதம் நடக்கும்போது அசைபோட்டுக்கொண்டே இருப்பது அதன் வழக்கம். ஏதாவது ஒரு சொல் மனதில் தைத்தால் மட்டும் தாடை நிற்கும். அதனால் அந்தக் காட்டு வக்கீல்கள் யாரும் நீதிபதியின் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, தாடையைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

பழி சுமந்தவர் தரப்பு முதலில் பேச வேண்டும் என்பது அங்கே முறை. மைனா நெஞ்சை நிமிர்த்தியது.

"கொம்பிலே கம்பீரமும் நெஞ்சிலே கருணையும் கொண்ட நீதிமானே! நீரின் செல்வி, நாணலின் நாயகி, என் கட்சிக்காரரின் பெருமையை எங்கே தொடங்குவேன்? எங்கே முடிப்பேன்?"

"முடிச்சாச் சரி!" என்றது கூட்டத்தில் ஒரு குரங்கு.

மைனா அசரவில்லை. தாமரையைப் பாடியது. தென்றலைப் பாடியது. நிலவையும் விடவில்லை. தாடை அசைந்துகொண்டே இருந்தது. போதாக்குறைக்கு நீதிபதிக்குக் கண் வேறு சொருகியது.

அப்போதுதான் மைனா கவனித்தது. நரி தன் முன்னால் எதையோ தாமரை இலையால் மூடி வைத்திருந்தது. இலையின் ஓரத்தில் காய்ந்த சேறு தெரிந்தது. நரி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

மைனாவுக்குப் புரிந்துவிட்டது. சேற்றில் பதிந்த நீர்நாயின் கால்தடம்! நரி அதைத் திறந்து காட்டினால் தீர்ந்தது கதை. 'செய்யாதவள் ஏன் மறைத்தாள்?' என்று எல்லாரும் கேட்பார்கள்.

நீர்நாய் குட்டிகளை அணைத்தபடி மைனாவையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி நம்பி வந்தவளை வைத்துக்கொண்டு நிலவைப் பாடிக்கொண்டிருக்கிறோமே என்று மைனாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒத்திகை பார்த்ததையெல்லாம் அப்படியே கைவிட்டது.

"ஐயா, என் கட்சிக்காரங்க முந்தாநாள் விடியக்காலையில அந்தக் கூட்டுக்கிட்ட போனது உண்மை!"

தாடை நின்றது.

"அடப்பாவி வக்கீலய்யா!" என்று அலறியது நீர்நாய்.

நரி துள்ளி எழுந்து இலையை விலக்கியது. "இதோ கால்தடம்! பாருங்க ஐயா, கால்தடம்!"

"அதைத்தான் அவரே சொல்லிட்டாரே. உட்காரும்!" என்றது காட்டெருமை. "மைனா, நீர் மேல சொல்லும்."

"வழிதவறின குட்டியைத் தூக்கத்தான் போனாங்க, ஐயா. நாமக்கோழியம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி. கூட்டுல உடைஞ்ச ஓடு ஏதாவது கிடந்துச்சாம்மா?"

நாமக்கோழி யோசித்தது. "இல்லையே. துடைச்சு வெச்ச மாதிரில்ல இருந்துச்சு!"

"ஐயா, இவங்க எப்படிச் சாப்பிடுறாங்கன்னு ஒரு தடவை பாருங்க!"

ஒரு நண்டைக் கொண்டுவந்து போட்டார்கள். அத்தனை பயத்திலும் நீர்நாய்க்குப் பசி போகவில்லை. நறுக் நறுக்கென்று கடித்தது. கால் ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம் தெறித்தது. ஒரு துண்டு நீதிபதியின் மூக்கிலேயே போய் ஒட்டிக்கொண்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

நாமக்கோழி மட்டும் சிரிக்கவில்லை. "இவ தின்னிருந்தா என் கூடு இப்படியா இருந்திருக்கும்? ஓட்டோட முழுங்குறவன் இந்தக் கரையில ஒருத்தன்தான். சாரைப்பாம்பு! எங்கே அவன்?"

மைனாவின் நாக்கு நுனியில் ஓர் அழகான அடுக்குமொழி வந்து நின்றது. மைனா அதை விழுங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

தேடிப் போனவர்கள் சாரையைக் கரையோரப் புற்றருகே கண்டார்கள். வயிறு புடைத்து, நகர முடியாமல் கிடந்தது. குளத்தை விட்டுப் போகும்படி அதற்குத்தான் உத்தரவானது.

"தப்பா நெனச்சுட்டேன் அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க," என்றது நாமக்கோழி.

"விடு தாயி. அடுத்த ஈட்டு முட்டைங்களுக்கு நான் காவல் இருக்கேன்," என்றது நீர்நாய். பிறகு மைனாவிடம் திரும்பியது. "மறைக்கச் சொன்ன நீங்களே அதைச் சொல்லிட்டீங்களே! என் உசுரே போயிருச்சு, வக்கீலய்யா!"

"நான் சொன்னதாலதான் நம்பினாங்க. நரி சொல்லியிருந்தா உங்களையும் நம்பியிருக்க மாட்டாங்க, என்னையும் நம்பியிருக்க மாட்டாங்க," என்றது மைனா. குட்டிகள் அதற்குள் குளத்தில் குதித்திருந்தன.

நமக்குப் பாதகமான உண்மையை எதிராளி சொல்லும் முன் நாமே ஒளிக்காமல் சொல்லிவிட்டால்தான், நமக்குச் சாதகமான உண்மையைக் கேட்பவர் நம்புவார்.