சபை விளக்கும் குளியல் மண்டபமும்

கொன்றையூரில் நகர சபை என்று ஒன்று இருந்தது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வேலைதான் நடக்காது.

திருவேங்கடம் என்ற வணிகர் மாளிகை கட்ட அனுமதி கேட்டார். பக்கத்தில் மழைநீர் ஓட வாய்க்கால் விட வேண்டும் என்பது சபையின் நிபந்தனை. அவரோ வாய்க்காலை மூடி, அதன்மேல் குளியல் மண்டபம் கட்டிவிட்டார்! தண்ணீரெல்லாம் அடுத்த வீட்டுச் செங்கமலத்தின் கூடத்துக்குள் புகுந்தது. அவளோ அப்பளம் இட்டுப் பிழைப்பவள். அப்பளம் போனது போகட்டும், மண்சுவரும் ஊறிவிட்டது.

அரசர் மாறவர்மரிடம் ஓடினாள். "சாமி, சபையிலே சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. பார்க்கிறோம் பார்க்கிறோம்னு சொல்றாங்க. இன்னும் ஒரு பெருமழைக்குச் சுவரு தாங்காது!"

அரசர் அமைச்சர் அம்பலவாணரைப் பார்த்தார். "சபை விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று முடிசூடிய அன்றே வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாக்கும் தவறக் கூடாது, இவள் சுவரும் விழக் கூடாது. என்ன செய்வீர்?"

"ஒரு பொன்னாடை கொடுங்கள் அரசே, போதும்."

சபைக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. விளக்கேற்றி ஒரு புகாரை எடுத்துவிட்டால், புகார் சொன்னவர் "குறை தீர்ந்தது" என்று வாய்திறந்து சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அதனால்தான் அந்தப் புத்திசாலிகள் விளக்கே ஏற்றுவதில்லை.

அம்பலவாணர் சபைத் தலைவர் நல்லபெருமாளிடம் போனார். "செங்கமலம் வீட்டிலேயே விளக்கேற்றி விசாரிக்கும் தலைவருக்கு அரசர் பொன்னாடை போர்த்துகிறார்."

நல்லபெருமாளுக்கு வாயெல்லாம் பல். 'அப்பளக்காரிதானே! ஓர் அதட்டு அதட்டினால் குறை தீர்ந்தது என்று சொல்லிவிடப் போகிறாள்.'

வானம் கறுத்திருந்த ஒரு பிற்பகலில் சபை அவள் கூடத்தில் உட்கார்ந்தது. விளக்கும் ஏற்றினார்கள். பொன்னாடையும் போர்த்தியாகிவிட்டது.

"வாய்க்கால் இருக்கிறது. குறை தீர்ந்தது என்று சொல்லம்மா!" என்று அதட்டினார் தலைவர்.

"கொஞ்சம் இருங்க ஐயா, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் செங்கமலம்.

அவள் யோசித்தாள். மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் பாயை நனைத்தது, வேட்டியை நனைத்தது, இடுப்புக்கு வந்தது. எழுந்திருக்கவும் வழியில்லை! மரப்பலகை ஒன்று மிதந்து வந்து தலைவரின் தொந்தியில் முட்டியது.

"யோவ் திருவேங்கடம்! அந்த மண்டபத்தை இடியுமய்யா!"

வணிகர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "வாய்க்கால் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாய்யா, இருக்கு! என் மடியிலே ஓடுது! இடிக்கிறீரா, ஆளை அனுப்பட்டுமா?"

மண்டபம் இடிந்தது. தண்ணீர் தன் வழியே போனது. சுவர் நின்றது. செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குறை தீர்ந்தது சாமி" என்றாள்.

அம்பலவாணர் வந்து சொன்ன கதையைக் கேட்ட அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"நாளைய சபைக்குத் தாங்களும் வர வேண்டும். கிழக்குத் தெருவில் நடக்கிறது."

"அங்கே யார்மேல் புகார்?"

"தங்கள் யானைக் கொட்டில்மேல்தான். பாதை விட்டுக் கட்டுவதாகச் சொல்லி அனுமதி வாங்கினோம். விடவில்லை. யானைக்குப் பின்பக்கம்தான் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கேதான் விளக்கேற்றப் போகிறார்கள்."

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு முன்னிலும் பெரிதாக வெடித்தது. கழுத்து மாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார்.

"விளக்கெல்லாம் வேண்டாமய்யா! இன்றைக்கே கொட்டிலை இடித்துப் பாதை விடச் சொல்லும். யானைக்குப் பின்னால் உட்காரும் அளவுக்கு என்னிடம் பொன்னாடை இல்லை!"