வாசல் பக்கம் ஒரு விளக்கு

"எந்த இடத்துல வெட்டணும்னு எனக்கு எப்பத்தாம்மா தெரியும்?" என்று கேட்டார் வீரபத்திரன்.

கேட்ட சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு.

வீரபத்திரன் திண்டுக்கல்லில் இருபது வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். கடையை மூடியதும் எலக்ட்ரீஷியன் ஜெசிந்தாவிடம் போய் நின்றார். "எனக்கும் இந்த வேலையைச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

ஜெசிந்தா சேர்த்துக்கொண்டார்.

நாலு மாதமாகிவிட்டது. ஒயர் இழுக்கிறார். சுவிட்ச் மாட்டுகிறார். சீலிங்கில் ஓட்டை போட மட்டும் ஜெசிந்தா விடவில்லை.

"இன்னைக்கு நீங்களே அளவெடுத்துக் குறிங்கண்ணே," என்றார் ஜெசிந்தா.

சந்துக்குள் ஒரு வீடு. ஃபால்ஸ் சீலிங் போட்டு இரண்டு வருடம் ஆகியும் ஒரு கீறல் இல்லை. ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. சமையலறைப் பக்கச் சுவரில் மங்கலாக ஒரு டியூப்லைட்.

ஹாலில் ஒரு கட்டில். அதில் பரிமளம் அம்மாள். இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கை.

மகள் சுகந்தி விடியுமுன் மில்லுக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவள். "சீலிங்குக்குள்ள பதிக்கிற மாதிரி ஆறு லைட்டு. ஹாலு பளிச்சுன்னு இருக்கணும்," என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

வீரபத்திரன் ஏணியில் ஏறினார். பலகையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே கம்பி ஓடாத இடமாகத் தேடினார். டேப் பிடித்து, பென்சிலால் ஆறு வட்டம் போட்டார். வரிசைக்கு மூன்று. ஒரு நூல் பிசகில்லை.

"எப்படி இருக்கு?"

"அழகா இருக்குண்ணே. இறங்குங்க."

"வெட்டலாமா?"

"படுங்க."

"என்னது?"

"கட்டிலுக்குப் பக்கத்துல, தரையில. மல்லாந்து படுங்க."

வீரபத்திரன் கட்டிலைப் பார்த்துக் கூச்சத்தோடு நின்றார்.

"சும்மா படுங்க தம்பி," என்றார் பரிமளம் அம்மாள். "துணைக்கு ஆள் ஆச்சு."

படுத்தார்.

ஜெசிந்தா ஏணியில் ஏறினார். கட்டிலுக்கு மேலே இருந்த வட்டத்தில் டார்ச்சை வைத்துக் கீழே அடித்தார்.

வெளிச்சம் நேராகக் கண்ணில் இறங்கியது. வீரபத்திரன் சட்டென்று ஒருக்களித்துப் படுத்தார்.

"திரும்பாதீங்கண்ணே."

"கண்ணு கூசுதும்மா!"

"அந்தம்மாவால திரும்ப முடியாது."

அவர் மறுபடி மல்லாந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது.



பிறகு, படுத்தபடியே பரிமளம் அம்மாளிடம் கேட்டார்:

"அம்மா, உங்களுக்கு எங்கே வேணும்?"

"என்கிட்டயா கேக்குறீங்க?"

"ஆமா."

பரிமளம் அம்மாள் யோசித்தார். சீலிங்கின் ஒவ்வொரு மூலையும் அவருக்கு மனப்பாடம்.

"வாசப்பக்கம் ஒண்ணு வைங்க தம்பி. உள்ள வர்றவங்க எல்லாம் வெறும் நிழலாத்தான் வர்றாங்க. குரலை வச்சுத்தான் யாருன்னு கண்டுபிடிக்கிறேன்."

வீரபத்திரன் எழுந்தார். சுகந்திக்குப் போன் போட்டுச் சொன்னார். "அம்மா சொல்ற இடத்துலயே வைங்கண்ணே. ஆறு இல்லாட்டியும் பரவாயில்ல," என்றாள் அவள்.

ஆறு வட்டங்களையும் அழித்தார். புதிதாக நாலு போட்டார். வாசலுக்கு உட்பக்கம் ஒன்று. மற்ற மூன்றும் கட்டிலை விட்டுத் தள்ளி, சுவரோரமாக.

"வரிசையா இல்லையேம்மா," என்றார்.

"இல்லைதான்," என்றார் ஜெசிந்தா. வட்ட ரம்பம் மாட்டிய ட்ரில்லை அவர் கையில் கொடுத்தார். தூசி கீழே விழாமல் இருக்க, ஒரு வாளியைத் தூக்கித் தானே பிடித்துக்கொண்டார்.

வீரபத்திரன் ஏணியில் ஏறி ட்ரில்லை அழுத்தினார். ரம்பம் சுற்றியது. வெள்ளைத் தூள் பறந்தது. வட்டமாக ஒரு துண்டு கழன்று வாளிக்குள் விழுந்தது.

"விழுந்திருச்சு!" என்று கத்தினார்.

பரிமளம் அம்மாள் சிரித்துவிட்டார்.

இருட்டியபோது வேலை முடிந்தது. நாலு விளக்கும் எரிந்தன. தரையைக் கூட்டிச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது சுகந்தி வந்தாள். வாசலுக்கு உள்ளே, விளக்குக்கு நேர் கீழே நின்று செருப்பைக் கழற்றினாள்.

பரிமளம் அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகந்தி."

"என்னம்மா?"

"எனக்குத் தெரியாம எப்படி இவ்வளவு நரைச்சுச்சு உனக்கு?"

சுகந்தி முன்நெற்றி முடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிலை நோக்கி நடந்தாள்.

"கிட்ட வராத," என்றார் பரிமளம் அம்மாள். "அங்கயே கொஞ்ச நேரம் நில்லு."